பேலன்ஸ் டிரான்ஸ்பர் எடுத்தால் கடன் தீருமா? என் கணக்கைப் பார்த்துச் சொல்லுங்கள்

மாதக்கடைசி:
எல்லோருக்கும் வணக்கம். ஒரு வருஷமாக இங்கே படிக்க மட்டும் வந்துகொண்டிருந்தேன். இன்றைக்குத்தான் முதல் பதிவு. வீட்டில் யாரிடமும் இன்னும் சொல்லாத விஷயம், அதனால் கொஞ்சம் நீளமாகத்தான் வரும்.

என்னிடம் இரண்டு கிரெடிட் கார்டு இருக்கிறது. முதல் கார்டில் 1,20,000 பாக்கி, வட்டி வருஷத்துக்கு 36%. இரண்டாவதில் 60,000 பாக்கி, வட்டி 24%. இரண்டிலும் மினிமம் 5% மட்டும் கட்டி வருகிறேன். அதாவது மாதம் 6,000 + 3,000. ஒன்பதாயிரம் கட்டியும் பாக்கி ஏன் அப்படியே நிற்கிறது என்று போன வாரம் உட்கார்ந்து கூட்டிப் பார்த்தேன். முதல் கார்டுக்கு மாத வட்டி 3,600, இரண்டாவதுக்கு 1,200. நான் கட்டுவதில் பாதிக்கு மேல் வட்டிக்கே போய்விடுகிறது. அந்தத் தாளை மடித்துக் கைப்பைக்குள் வைத்திருக்கிறேன். திரும்பத் திரும்ப எடுத்துப் பார்க்கிறேன்.

இப்போது வேறொரு வங்கி புதுக் கார்டு தருகிறது. பழைய பாக்கியை அதற்கு மாற்றினால் 12 மாதத்துக்கு வட்டி 0%, மாற்றும் தொகைக்கு 3% கட்டணம். லிமிட் 1,00,000. செலவைச் சுருக்கினால் மாதம் 15,000 வரை என்னால் கட்ட முடியும். எடுக்கலாமா? எடுத்தால் எந்தக் கார்டின் பாக்கியை மாற்றுவது?

பழையவாசகி:
மனசு விட்டு எழுதியதற்கு நன்றி, தோழி. எத்தனையோ பேர் அந்தக் கூட்டலைப் போட்டுப் பார்க்கவே பயப்படுவார்கள். நீங்கள் போட்டுவிட்டீர்கள், அதுவே பெரிய காரியம்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். டிரான்ஸ்பரால் கடன் குறையாது. 3% கட்டணத்தால் கொஞ்சம் கூடத்தான் செய்யும். வட்டி ஓடுவது மட்டும் ஒரு வருஷத்துக்கு நிற்கும். அந்த ஒரு வருஷம் மாதாமாதம் எவ்வளவு கட்டப் போகிறீர்கள் என்பதை வைத்துத்தான் இது உங்களுக்கு லாபமா இல்லையா என்று சொல்ல முடியும். 15,000 உறுதியான தொகையா? அவசரச் செலவு ஏதாவது வந்தாலும் கட்ட முடியுமா?

மாதக்கடைசி:
உறுதிதான் அக்கா. ஒரு மாதச் செலவுக்கான பணம் தனியாக இருக்கிறது, அதைத் தொடாமலே 15,000 வரும்.

கணக்குநோட்டு:
கணக்கு போட்டுப் பார்த்தேன். எளிமைக்காக மாத வட்டி என்று எடுத்திருக்கிறேன். வங்கிகள் நாள் கணக்கில் போடுவதால் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும்.

முதலில் லிமிட். 1,00,000 லிமிட் என்றால் 1,00,000-ஐ மாற்ற முடியாது. கட்டணமும் அதே லிமிட்டுக்குள் அடங்க வேண்டும். 97,000 மாற்றினால் கட்டணம் 2,910, மொத்தம் 99,910. இதற்கு மேல் இடமில்லை. சில வங்கிகள் லிமிட்டில் ஒரு பங்குக்கு மட்டுமே டிரான்ஸ்பரை அனுமதிக்கும், அதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

எதை மாற்றுவது என்பதில் யோசிக்க எதுவும் இல்லை, 36% கார்டைத்தான். சின்னக் கார்டை முழுசாக ஒழித்துக்கட்டினால் நிம்மதி என்று தோன்றும். ஆனால் 60,000-ஐ மாற்றினால் மாதம் 1,200 வட்டி நிற்கும். 36% கார்டிலிருந்து 97,000 மாற்றினால் 2,910 நிற்கும். அதாவது கொடுத்த கட்டணம் முதல் மாதத்திலேயே திரும்பி வந்துவிடுகிறது.

இனி 15,000-ஐ வைத்து 12 மாதம் ஓட்டிப் பார்த்ததைச் சொல்கிறேன்.

டிரான்ஸ்பர் எடுக்காமல், இரண்டாவது கார்டுக்கு மினிமம் போக மீதியை எல்லாம் 36% கார்டில் போட்டால், 12 மாதம் கழித்து மிச்சக் கடன் 36,474.

டிரான்ஸ்பர் எடுத்து, 0% கார்டுக்கு மினிமம் மட்டும் கட்டி, மீதியை முதலில் 36% கார்டில் நிற்கும் 23,000-க்கும் அது தீர்ந்ததும் 24% கார்டுக்கும், கடைசியாக 0% கார்டுக்கும் திருப்பினால், 12 மாதம் கழித்து மிச்சம் 11,755.

கட்டுவது இரண்டு வழியிலும் அதே 15,000தான். வித்தியாசம் 24,700-க்குக் கொஞ்சம் மேல். எடுங்கள் என்றுதான் சொல்வேன்.

முகில்23:
கணக்கு சரி. ஆனா அந்த முறையை நான் ஒத்துக்க மாட்டேன் நண்பரே. 0% கார்டுக்கு மினிமம் மட்டும் கட்டிட்டு கடைசி நாலு மாசத்துல பெரிய தொகையா கட்டுறதுன்னா, அந்த நாலு மாசமும் எல்லாம் சரியா நடக்கணும். நடுவுல வேலை போச்சு, உடம்புக்கு முடியலன்னா, சலுகை முடியுற அன்னைக்கு புதுக் கார்டுல பெரிய தொகை உக்காந்திருக்கும். அதுக்கப்புறம் வர்ற வட்டி பழைய கார்டோட வட்டிக்குக் கொஞ்சமும் குறையாது.

நான் செஞ்சது: மொத்தத்தை 12-ஆல் வகுத்தேன், ஆட்டோ டெபிட் போட்டேன், திரும்பிப் பாக்கல. இவங்களுக்கு 99,910-ஐ வகுத்தா மாசம் 8,326. மீதி 6,674 மத்த ரெண்டு கார்டுக்கு. பன்னிரண்டாவது மாசம் புதுக் கார்டு பூஜ்யம்.

கணக்குநோட்டு:
அதையும் ஓட்டிப் பார்த்தேன். 12 மாத முடிவில் புதுக் கார்டு பூஜ்யம், ஆனால் 24% கார்டில் 16,866 நிற்கும். என் முறையில் 11,755. உங்கள் முறைக்கான கூடுதல் விலை 5,100 சொச்சம். 0% கடனை அவசரமாக அடைத்துக்கொண்டு 24% கடனை ஓடவிடுவது எனக்கு ஏற்கவில்லை.

முகில்23:
அந்த 5,100-ஐ நான் மனசாரக் கொடுப்பேன். கடன்ல இருக்குற ஆளுக்கு மாசாமாசம் எந்தக் கார்டுக்கு எவ்வளவுன்னு முடிவெடுக்குற தெம்பு இருக்காது. ஒரு தடவை முடிவெடுத்தா போதும்ங்கற மாதிரி இருக்கணும்.

நெருஞ்சி:
இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. இதை ஒட்டி ஒரு தகவல். பல கார்டு வைத்திருப்பவர்கள் எப்படிக் கட்டுகிறார்கள் என்று பிரிட்டனின் கார்டு விவரங்களை வைத்து ஓர் ஆய்வு 2019-ல் வெளியானது. வட்டி எதில் அதிகம் என்று பார்த்து மக்கள் கட்டுவதில்லை. பாக்கி எதில் அதிகமோ அந்த விகிதத்தில் பிரித்துக் கட்டுகிறார்கள் என்பது அதன் முடிவு. ஸ்டேட்மென்டில் பெரிய எழுத்தில் இருப்பது பாக்கித் தொகைதான், கண்ணும் அங்கேதான் போகிறது. டிரான்ஸ்பர் எடுத்தவருக்கு இந்தப் பழக்கம் ரொம்பக் கெடுதல். ஏனென்றால் பாக்கி பெரிதாக இருக்கும் கார்டில்தான் இப்போது வட்டி இல்லை.

அதனால் மாதக்கடைசி, எந்த முறையானாலும் இன்றைக்கே 12 மாதத்துக்குமான தொகைகளை ஒரு தாளில் எழுதிவிடுங்கள். கைப்பையில் அந்தப் பழைய தாள் இருக்கும் இடத்தில் இது இருக்கட்டும்.

தூக்கணாங்குருவி:
என் அனுபவத்தைச் சொல்கிறேன், உங்களுக்கு உதவும். வங்கியின் பெயர் வேண்டாம்.

மூன்று வருஷத்துக்கு முன் இதேபோல் ஒரு லட்சத்தை மாற்றினேன். பழைய கார்டின் செயலியைத் திறந்தேன். பாக்கி 0. அதற்குக் கீழே பச்சை எழுத்தில் ‘செலவிடக்கூடிய தொகை 1,00,000’ என்று இருந்தது. இரண்டு வருஷமாகச் சிவப்பையே பார்த்த கண்ணுக்கு அந்தப் பச்சை என்ன செய்யும் என்று எனக்கு அப்போது தெரியவில்லை. முதல் மாதம் எதையும் தொடவில்லை. இரண்டாவது மாதம் பிள்ளையின் பள்ளிக் கட்டணம், சம்பளம் வந்ததும் கட்டிவிடலாம் என்று தேய்த்தேன். மூன்றாவது மாதம் கைப்பேசி பழுது. ஒவ்வொன்றும் நியாயமான செலவுதான். பத்தாவது மாதம் பழைய கார்டில் 64,000. புதுக் கார்டில் இன்னும் 40,000-க்கு மேல். மாற்றும்போது ஒரு கடன் இருந்தது, இப்போது இரண்டு.

அதனால் டிரான்ஸ்பர் முடிந்த அன்றே பழைய கார்டின் லிமிட்டைக் குறைக்கச் சொல்லி எழுதிக் கொடுங்கள். இணையக் கடைகளில் சேமித்து வைத்திருக்கும் கார்டு எண்ணை ஒன்று விடாமல் அழியுங்கள். பர்ஸில் வைக்காதீர்கள். என்னை இழுத்துவிட்டது பிளாஸ்டிக் அட்டை கூட இல்லை, கைப்பேசியில் சேமித்து வைத்திருந்த எண்தான்.

பழையவாசகி:
குருவி சொல்வதை எல்லோரும் இரண்டு தடவை படியுங்கள். இங்கே கணக்குப் போடுகிற யாரும் இந்த 64,000-ஐக் கணக்கில் சேர்ப்பதில்லை.

மாதக்கடைசி:
படித்ததும் வயிற்றைப் பிசைந்தது, குருவி. என் எண்ணும் நாலைந்து இடத்தில் சேமித்துக் கிடக்கிறது. நேற்று இரவே மூன்றிலிருந்து எடுத்துவிட்டேன்.

ஒரு சந்தேகம். மாற்றச் சொல்லி விண்ணப்பித்துவிட்டால் பழைய கார்டுக்கு அந்த மாதம் கட்ட வேண்டாமா?

கணக்குநோட்டு:
கட்ட வேண்டும். புது வங்கியின் பணம் பழைய கார்டில் வரவு ஆகும் வரை அந்தக் கடன் பழைய இடத்தில்தான் இருக்கிறது. சில நாளில் முடியலாம், சில வாரமும் ஆகலாம். நடுவில் டியூ டேட் வந்தால் கட்டியே தீர வேண்டும்.

இன்னொன்று, பலர் மாட்டிக்கொள்வது இதில்தான். ஸ்டேட்மென்ட் போட்ட நாளிலிருந்து டிரான்ஸ்பர் வரவு ஆன நாள் வரைக்கும் ஓடிய வட்டி அடுத்த ஸ்டேட்மென்டில்தான் வரும். ஒரு லட்சம் பாக்கி, 24% வட்டி என்றால் ஒரு நாளைக்குச் சுமார் 66. பதினொரு நாள் என்றால் 723. முழுப் பாக்கியையும் மாற்றியவர் கார்டு காலியாகிவிட்டது என்று நினைத்து ஸ்டேட்மென்டைத் திறக்கவே மாட்டார். 723 கட்டாமல் போக, அதன் மேல் தாமதக் கட்டணம், அதற்கு வட்டி, கிரெடிட் ஸ்கோரிலும் (கடனை ஒழுங்காகக் கட்டுகிறோமா என்று காட்டும் மதிப்பெண்) அடி. பூஜ்யம் என்று ஒரு ஸ்டேட்மென்ட் அச்சாகி வரும் வரைக்கும் பழைய கார்டின் கணக்கைப் பார்த்துக்கொண்டே இருங்கள். உங்களுக்கு எப்படியும் 23,000 அங்கே நிற்கப் போகிறது, அது தீரும் மாதத்தில் இதை ஞாபகம் வையுங்கள்.

முகில்23:
புதுக் கார்டுல ஒரு பொருள்கூட வாங்காதீங்க, இதை நான் சேத்துக்கறேன். 0% மாத்துன பாக்கிக்கு மட்டும்தான். அதே கார்டுல வாங்குற பொருளுக்கு வழக்கமான வட்டி. அதுவும் மாத்துன பாக்கி நிக்கும்போது பல கார்டுகள்ல வட்டியில்லா நாட்கள் கிடையாது, தேய்ச்ச அன்னைக்கே வட்டி ஓடும்.

அப்புறம் கட்டுற பணம் எதுக்கு வரவாகும்ங்கறது இன்னொரு தலைவலி. மினிமத்துக்கு மேல கட்டுறதை அதிக வட்டி இருக்குற பாக்கிக்கு வைக்கணும்னு அமெரிக்கால 2009 சட்டம் சொல்லுது. நீங்க இருக்குற இடத்துல விதி என்னன்னு அந்தப் பொடி எழுத்துத் தாள்ல பாக்கணும். பாக்குறதுக்கு பதிலா அந்தக் கார்டை டிரான்ஸ்பருக்கு மட்டும்னு வச்சுட்டா பிரச்சினையே இல்ல.

விடியல்_7:
இடையில் வருவதற்கு மன்னிக்கவும். எனக்கு என் வங்கி வேறு மாதிரி சொல்கிறது. 0% கிடையாதாம். மாற்றும் தொகையை 12 தவணையாக்கி, ‘மாதம் 1% மட்டும்’ வட்டியாம். 24%-லிருந்து 12%-க்கு இறங்குகிறது, பாதிக்குப் பாதி லாபம் என்று அந்தப் பிரதிநிதி சொன்னார். சரிதானே?

கணக்குநோட்டு:
நில்லுங்கள், கையெழுத்துப் போடாதீர்கள். மாதத் தவணை எவ்வளவு என்று சொன்னார்கள்?

விடியல்_7:
ஒரு லட்சத்துக்கு மாதம் 9,333.

கணக்குநோட்டு:
அப்படியானால் அது ஃபிளாட் வட்டி. 9,333-ஐப் பன்னிரண்டால் பெருக்கினால் 1,12,000. ஒரு லட்சத்துக்கு 12,000 வட்டி, பார்க்க 12% போலத் தெரியும். ஆனால் அந்த ஒரு லட்சம் வருஷம் முழுக்க உங்களிடம் இல்லை. ஆறாவது தவணை கட்டியதும் ஏறக்குறைய பாதிக் கடன்தான் மிச்சம், வட்டியோ முழு லட்சத்துக்கே போட்டுக்கொண்டிருக்கிறார்கள். குறையும் பாக்கிக்கு வட்டி என்று கணக்கிட்டால் இது வருஷத்துக்கு 21.5% அளவுக்கு வருகிறது. நீங்கள் இப்போது கட்டும் 24%-க்கு எதிரே இரண்டரை சதவீதம்தான் வித்தியாசம். ப்ராசஸிங் கட்டணமும் அதற்கு வரியும் சேர்ந்தால் அந்த வித்தியாசமும் கரைந்துவிடும்.

உங்கள் 24% கார்டிலேயே மாதம் 9,333 கட்டி வந்தாலும் 13 மாதத்துக்குள் தீர்ந்துவிடும். எந்தத் தவணைச் சலுகை வந்தாலும் ‘குறையும் பாக்கிக்கு வருஷ வட்டி எவ்வளவு’ என்று எழுத்தில் கேளுங்கள். அதோடு முன்கூட்டியே அடைத்தால் அபராதம் உண்டா என்றும் கேளுங்கள்.

விடியல்_7:
நாளைக்குப் படிவம் கொடுப்பதாக இருந்தேன் ஐயா. ரொம்ப நன்றி.

நெருஞ்சி:
சின்னப் பாக்கிக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. இரண்டு மாதத்தில் அடைக்கக்கூடிய கடனை மாற்றாதீர்கள். ஒரு லட்சத்தை 24% வட்டியில் இரண்டு தவணையில் அடைத்தால் வட்டி 3,010. டிரான்ஸ்பர் கட்டணம் 3% என்றால் 3,000. பத்து மிச்சப்படுத்த ஒரு புது விண்ணப்பம், ஒரு புதுக் கார்டு, ஸ்கோரில் ஒரு விசாரணை. தேவையே இல்லை.

மாதக்கடைசி:
முடிவு எடுத்துவிட்டேன். டிரான்ஸ்பர் எடுக்கிறேன். இரண்டு முறைக்கும் நடுவே ஒரு வழி தோன்றியது, சரியா என்று பாருங்கள். புதுக் கார்டுக்கு மினிமத்துக்கு ஆட்டோ டெபிட். முதலில் 36% கார்டு, அப்புறம் 24% கார்டு. இது கணக்குநோட்டு சொன்னது. ஆனால் எட்டாவது மாதம் முடியும்போது 24% கார்டு திட்டப்படி குறையாமல் இருந்தால், அன்றிலிருந்து முகில் சொன்னபடி புதுக் கார்டின் மிச்சத்தை மீதி மாதத்தால் வகுத்து அதை முதலில் கட்டுவேன்.

முகில்23:
நல்ல முடிவு. ஆட்டோ டெபிட்டை டியூ டேட்டுக்கு நாலு நாள் முன்னாடி வைங்க. எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர் டியூ டேட் அன்னைக்கே வச்சார், அன்னைக்கு வங்கி விடுமுறை, பணம் மறுநாள் போச்சு. ஒரே ஒரு நாள் தாமதம். அடுத்த ஸ்டேட்மென்ட்ல சலுகை வட்டி ரத்துன்னு ஒரு வரி. பதினோரு மாசம் மிச்சம் இருந்த 0% அந்த ஒரு வரியில போயிடுச்சு. எவ்வளவோ மன்றாடினார், திருப்பித் தரல.

சலுகை முடியுற தேதியையும் கேட்டு வாங்குங்க. கார்டு வந்த நாள்லேர்ந்து 12 மாசமா, மாத்துன நாள்லேர்ந்தான்னு ஒவ்வொரு இடத்துல ஒவ்வொரு மாதிரி. கார்டு வந்து இத்தனை நாளுக்குள்ள மாத்தினாதான் சலுகைன்னும் சில இடத்துல உண்டு.

பழையவாசகி:
வீட்டில் இன்னும் சொல்லவில்லை என்று எழுதியிருந்தீர்கள். சொல்லிவிடுங்கள் தோழி. பன்னிரண்டு மாதம் செலவைச் சுருக்குவதை ஒரு ஆள் மட்டும் ரகசியமாகச் செய்வது பெரிய பாரம்.

மாதக்கடைசி (நாலு மாதம் கழித்து):
இந்த இழையை மேலே கொண்டுவருவதற்கு மன்னிக்கவும். சொல்லாமல் இருக்க முடியவில்லை.

டிரான்ஸ்பர் வரவாக ஒன்பது நாள் ஆனது. நடுவில் டியூ டேட் வந்தது, நீங்கள் சொல்லியிருந்ததால் கட்டிவிட்டேன். 36% கார்டு நேற்று தீர்ந்தது. மிச்சம் இருந்த வட்டிக்காக ஒரு ஸ்டேட்மென்ட் வரும் என்று தெரியும், காத்திருக்கிறேன். அதன் லிமிட்டை இரண்டாவது வாரமே குறைத்துவிட்டேன். ‘உறுதியாகத்தானா மேடம்’ என்று அந்தப் பெண் மூன்று தடவை கேட்டார்.

புதுக் கார்டில் இப்போது 81,377. கணக்குநோட்டு எனக்குத் தனியாக அனுப்பிய அட்டவணையில் நாலாவது மாதத்துக்கு நேரே அதே எண்தான் இருக்கிறது. 24% கார்டில் 48,000-க்குக் கொஞ்சம் மேல், அது மட்டும் அட்டவணையைவிடச் சில நூறு கூட. நாள் கணக்கு வட்டியால் என்று நினைக்கிறேன்.

அக்கா, வீட்டில் சொல்லிவிட்டேன். அவர் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம் அந்தத் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, ஒன்பதாவது மாதத்திலிருந்து தன் பக்கத்திலிருந்து 3,000 சேர்க்க முடியும் என்றார். நாலு மாதத்துக்கு 12,000. மிச்சம் நிற்கப் போகும் 11,755-க்கு அது சரியாக வருகிறது.

கணக்குநோட்டு:
வருகிறது, 245 மீதியும் இருக்கிறது. 24% கார்டின் கூடுதல் சில நூறுக்கு அது போதாமல் போகலாம், இந்த மாத ஸ்டேட்மென்ட் வந்ததும் எண்ணை அனுப்புங்கள், அட்டவணையைத் திருத்தித் தருகிறேன்.